எக்ஸ்ரேயில் தெரியாத முள்

எக்ஸ்ரே உறையைத் திறந்தால் படத்தோடு ஒரு துண்டுக் காகிதமும் இருக்கும். முள்ளோ கண்ணாடியோ குத்தியதற்காக எடுத்த படமானால், அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான்: 'நோ ரேடியோ ஒபேக் ஃபாரின் பாடி ஸீன்.' தலைநகரில் கோப்புகளோடு காலம் தள்ளும் நம்மவர்களுக்கு ஆங்கில வரிகளைப் பிரித்துப் பொருள் பார்ப்பது கைவந்த கலை. ஒரு சர்க்குலரில் 'மே' என்று இருக்கிறதா, 'ஷல்' என்று இருக்கிறதா என்பதை வைத்தே அரை நாள் வாதாடுவோம். ஆனால் இந்த வரியை மட்டும் 'ஃபாரின் பாடி இல்லையாம்' என்று படித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறோம். நடுவில் நிற்கும் 'ரேடியோ ஒபேக்' என்ற சொற்களை யாரும் கவனிப்பதில்லை. எக்ஸ்ரே கதிரைத் தடுத்து நிறுத்தக்கூடிய பொருள் எதுவும் தென்படவில்லை என்பதுதான் அந்த வரி சொல்வது. கதிரைத் தடுக்காத பொருள் உள்ளே இருக்கிறதா என்பது பற்றி அது வாயே திறக்கவில்லை. முள்ளும் மரச் சிலாம்பும் அப்படிப்பட்ட பொருள்கள்.

கதிரியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், இந்த ஒரு வரியால் வந்த வீண் அலைச்சலை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிலும் மூட்டுக்குள் புகுந்துவிட்ட முள் செய்யும் வேலை தனி ரகம். அதைப் பற்றி நம் இதழில் எழுத வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பர் 8-ஆம் தேதி. இரண்டே மாதத்தில், 1896 ஜனவரியில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹால் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர் ஒருவருடைய கைக்குள் புதைந்திருந்த ஊசியைப் படம் பிடித்துக் காட்டிவிட்டார். ஆக, உடலுக்குள் புகுந்த அந்நியப் பொருளைத் தேடுவதுதான் எக்ஸ்ரே செய்த முதல் வேலைகளில் ஒன்று. அன்றிலிருந்தே 'உள்ளே இருப்பதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும்' என்ற நம்பிக்கை மக்கள் மனத்தில் ஊறிவிட்டது. அந்த நம்பிக்கை ஊசிக்குச் சரி, துப்பாக்கிக் குண்டுக்குச் சரி. கண்ணாடித் துண்டுக்கும் பெரும்பாலும் சரிதான். 'கண்ணாடி எக்ஸ்ரேயில் தெரியாது' என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகூட நன்றாகவே தெரியும்.

மரம் மட்டும் ஏன் தெரிவதில்லை? எக்ஸ் கதிரை ஒரு பொருள் எவ்வளவு விழுங்கும் என்பது முக்கியமாக இரண்டைப் பொறுத்தது. ஒன்று அதன் அடர்த்தி; மற்றது அதிலுள்ள தனிமங்களின் அணு எண். எலும்பில் கால்சியம் இருக்கிறது, அணு எண் 20. பாஸ்பரஸ் இருக்கிறது, அணு எண் 15. கண்ணாடியில் சிலிக்கன், 14. இரும்புக்கு 26. நம் சதையோ கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், நைட்ரஜன் ஆகியவற்றால் ஆனது. இவற்றில் எதுவும் 8-ஐத் தாண்டாது. மரமும் முள்ளும் எதனால் ஆனவை? அதே கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன்தான். கதிரின் கண்ணுக்குச் சதையும் விறகும் ஏறக்குறைய ஒன்று. பாலில் விழுந்த சுண்ணாம்பைத் தேடுவது போன்ற வேலை அது. மரத்துண்டின் மேல் ஈயப் பெயின்ட் பூசியிருந்தால் தெரிய வாய்ப்புண்டு. மற்றபடி எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்ளும் மரத்துண்டுகள் மிகக் குறைவு.

இனி மூட்டுக்கு வருவோம். சதையில் தைத்த முள்ளுக்கும் மூட்டுக்குள் போன முள்ளுக்கும் வேறுபாடு உண்டு. சதையில் தைத்தால் சில நாளில் சீழ் கோத்து, சில சமயம் முள்ளே வெளியே வந்து விழும். மூட்டு என்பது மூடிய அறை. உள்ளே சவ்வு, அதில் ஊறும் வழவழப்பான நீர், எலும்பு முனைகளுக்கு மேல் குருத்தெலும்பு. முள் அங்கே போய்விட்டால் வெளியே வரத் தானாக வழியில்லை. அதைக் கரைக்கவும் உடலால் முடியாது. மரத்தின் உடலம் செல்லுலோஸ். ஆடு மாடுகள் நுண்ணுயிர்களின் தயவால் அதைச் செரித்துக்கொள்கின்றன, மனித உடலில் அதற்கான ரசாயனம் இல்லை. எனவே வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துக் கோட்டை கட்டுகின்றன. மூட்டுச் சவ்வு தடித்து வீங்குகிறது, நீர் கோக்கிறது. பல நேரம் காய்ச்சல் இருக்காது. நீரை எடுத்துச் சோதித்தால் கிருமியும் பெரும்பாலும் வளராது. இதற்கு 'முள் மூட்டழற்சி' என்று தமிழில் பெயர் வைத்துக்கொள்ளலாம். மேல்நாடுகளில் கரும்முள் செடியாலும் பேரீச்ச முள்ளாலும் வருகிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தில்லி ரிட்ஜ் காட்டில் எங்கு திரும்பினாலும் 'விலாயதி கீக்கர்' என்கிறார்களே, அது வேறு யாருமல்ல. இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் நாம் விட்டுவந்த அதே சீமைக் கருவேலம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் வந்து, இரண்டு ஊரிலும் நிலைத்துவிட்டது. வேலை தேடி வடக்கே வந்த நம்மை ஊர் முள் இங்கும் விடவில்லை! அதன் முள் இரண்டு அங்குலம் வரைகூட வளரும். நுனி கூர்மை, ஆனால் எளிதில் ஒடியும். குத்தியதும் பிடுங்கி எடுத்துவிட்டோம் என்று நினைப்போம். நுனி உள்ளேயே தங்கியிருக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முழங்கால் மூட்டு என்றால் சில்லுக்கு நேர் கீழே மட்டும் இருப்பதாகவே பலரும் நினைக்கிறோம். அதன் சவ்வுப் பை சில்லுக்கு மேலே தொடைப் பக்கமாக மூன்று நான்கு விரற்கடை வரை போகிறது. 'தொடையில்தானே குத்தியது' என்று அலட்சியம் செய்யும் முள் மூட்டுக்குள் இருக்கலாம். விரல் கணுக்களில் தோலுக்கும் மூட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான். கீர்த்தி நகர் மரச் சந்தையிலிருந்து தச்சர்கள் என்னிடம் வருவதுண்டு. சீசம் மரச் சிலாம்பு (சிராய் என்பாரும் உண்டு) விரல் கணுவில் ஏறி, மேலே புண் ஆறிப்போய், கணு மட்டும் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். வயது ஒன்பது. வலது முழங்கால் ஐந்து மாதமாக வீங்கி வீங்கி வடிகிறது. வலி மாத்திரை கொடுத்தால் குறையும், நிறுத்தினால் திரும்பும். எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்தாகிவிட்டது. நான் முதலில் சொன்ன வரிகூட அதில் இல்லை, 'நார்மல்' என்று மட்டும் இருந்தது. காரணம், முள் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. வேறொரு மருத்துவமனையில் சவ்வில் சிறு துண்டு எடுத்துச் சோதித்து, காசநோயின் அடையாளமான கணுக்கள் போலத் தெரிவதாகச் சொல்லி, டி.பி. மருந்து தொடங்கியிருந்தார்கள். இரண்டு மாதமாகப் பையன் மருந்து சாப்பிடுகிறான். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து அழுகிறான். பள்ளிக்கூடம் பாதி நாள் இல்லை.

அந்த மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் நாட்டில் ஒரே ஒரு மூட்டு மாதக்கணக்கில் வீங்கினால் முதலில் டி.பி.யை நினைக்காதவர் மருத்துவரே அல்ல. போதாததற்கு, முள்ளைச் சுற்றி உடல் கட்டும் கோட்டையும் டி.பி. கிருமியைச் சுற்றிக் கட்டும் கோட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றக்கூடியவை.

நான் பையனின் அம்மாவிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடி பட்டதா? இல்லை. விழுந்தானா? ஞாபகம் இல்லை. முள், ஆணி ஏதாவது? இல்லை. மூலையில் பையனின் ஆச்சி உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலியிலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர்.

"ஏட்டி, தீவாளிக்கு முன்னால பந்து எடுக்கப் போயி முள்ளு குத்தி அழுதாம்லா? அத டாக்டரய்யாட்ட சொல்லலியே நீ?" என்றார்.

"அது அன்னைக்கே எடுத்தாச்சும்மா. ரெண்டு நாள்ல ஆறிப்போச்சு. அதப் போயி இப்ப எதுக்கு?" என்றார் மகள்.

இதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. குத்திய அன்று வலி. பிறகு சில நாள், சில வாரம், ஏன் சில மாதம்கூட அமைதி. வீக்கம் வரும்போது முள் மறந்துபோயிருக்கும். குழந்தைகளோ, கூடாத இடத்துக்கு விளையாடப் போனது தெரிந்துவிடும் என்று வாயைத் திறக்க மாட்டார்கள்.

பையனைப் படுக்க வைத்து அல்ட்ராசவுண்டு பார்த்தேன். சில்லுக்கு மேலே, உட்பக்கமாக, தடித்த சவ்வுக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. அதைச் சுற்றிக் கருமையாக ஒரு விளிம்பு. கோட்டுக்குக் கீழே நிழல். அளந்தால் எட்டு மில்லிமீட்டர். பேனாவால் தோலில் கோடு போட்டு, எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதி அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் மூட்டைத் திறந்து முள் நுனியை எடுத்தார். தடித்த சவ்வையும் அகற்றினார். முள்ளை மட்டும் எடுத்துவிட்டுச் சவ்வை விட்டால், அதில் ஒட்டிய துகள்கள் மறுபடி வீக்கத்தைக் கிளப்பலாம். எடுத்த சவ்வை முனைவாக்கிய ஒளியில் வைத்துப் பார்த்தபோது தாவர இழைத் துணுக்குகள் மின்னின. டி.பி. மருந்தை அவனுடைய மருத்துவர்கள் நிறுத்தினார்கள். குருத்தெலும்பில் ஓரிடத்தில் அரிப்பு தொடங்கியிருந்ததை அறுவையின்போது பார்த்திருக்கிறார்கள். இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் கால் மடங்குவதே கேள்விக்குறியாகியிருக்கும்.

அல்ட்ராசவுண்டு என்றாலே கர்ப்பிணிகளுக்கானது என்பது நம் வீடுகளில் பதிந்துபோன எண்ணம். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்ததும், ஒவ்வொரு மையத்திலும் அந்த எச்சரிக்கைப் பலகை தொங்குவதும் இந்த எண்ணத்தை இன்னும் உறுதியாக்கிவிட்டன. 'என் பையனுக்கு எதற்கு அல்ட்ராசவுண்டு?' என்று ஒரு தகப்பனார் என்னிடம் கோபித்துக்கொண்டதும் உண்டு. உண்மையில் தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் முள்ளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. கதிர்வீச்சும் கிடையாது. ஒலி அலை உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. வழியில் தன்மை மாறும் இடத்தில் ஒரு பகுதி எதிரொலிக்கிறது. சதையிலிருந்து மரத்துக்கு மாறும்போது தன்மை சட்டென்று மாறுவதால் எதிரொலி பலமாக வரும். திரையில் வெள்ளைக் கோடு. ஒலி மேற்கொண்டு போகாததால் பின்னே நிழல். ஒரு நாள் கழிந்தபின் சுற்றிலும் நீரும் அழற்சியும் சேர்ந்து கருவளையம் உண்டாகும்; அது முள்ளை இன்னும் எடுப்பாகக் காட்டும். எக்ஸ்ரேக்குச் சதையும் மரமும் ஒன்று. ஒலிக்கு இரண்டும் வெவ்வேறு.

வயிற்றைப் பார்க்கும் ப்ரோப் இதற்கு உதவாது. அதன் அதிர்வெண் 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். முள்ளைத் தேட 7 முதல் 15 வரையோ அதற்கு மேலோ உள்ள நேர்கோட்டு ப்ரோப் வேண்டும். அதிர்வெண் கூடக் கூடத் துல்லியம் கூடும், ஆழம் குறையும். அல்ட்ராசவுண்டின் எல்லையும் இங்கேதான். எலும்பைத் தாண்டி ஒலி போகாது. சில்லுக்கு அடியிலோ, இரண்டு எலும்பு முனைகளுக்கு நடுவிலோ முள் ஒளிந்திருந்தால் அகப்படாது. காயத்தைக் குடைந்து காற்று உள்ளே போயிருந்தாலும் படம் குழம்பும். காற்றும் வெள்ளையாகத் தெரிந்து நிழல் விழும். பார்ப்பவரின் பொறுமையையும் பழக்கத்தையும் பொறுத்த பரிசோதனை இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸி.டி. ஸ்கேனில் முள் செய்யும் வித்தை விசித்திரமானது. ஸி.டி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு கழித்தல் 1000. காய்ந்த மரத்தின் துளைகளில் காற்று இருப்பதால், புதிதாகக் குத்திய சிலாம்பு தண்ணீருக்கு வெகு கீழே, காற்றின் பக்கமாக மதிப்பெண் வாங்கும். சதையைப் பார்ப்பதற்காகத் திரையை வழக்கமாக அமைக்கும்போது, கழித்தல் 160-க்குக் கீழே உள்ள எல்லாமே ஒரே கறுப்புதான். எனவே மரத்துண்டு காற்றுக் குமிழி போலவே தோன்றும். காயம் பட்ட இடத்தில் காற்று இருப்பது இயல்பு என்று கடந்து போய்விட வாய்ப்பு அதிகம். கண்குழிக்குள் குச்சி குத்தியவர்களிடம் இந்தக் குழப்பத்தால் ஆபத்து நேர்வதுண்டு. திரையின் அளவை அகலப்படுத்திப் பார்த்தால் காற்று வேறு, மரம் வேறு என்று பிரியும். குமிழிக்கு நேரான ஓரம் இருக்காது, குச்சிக்கு இருக்கும். நாள் செல்லச் செல்ல மரம் உடலின் நீரை உறிஞ்சி மதிப்பெண் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் தசையின் மதிப்பெண்ணோடு ஒன்றாகி, அதே முள் கண்ணெதிரேயே மறைந்துபோகும்! பச்சை மரமானால் முதல் நாளே அப்படித்தான். ஆகவே முள் குத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியாமல் ஸி.டி.யைப் படிப்பது இருட்டில் நடப்பது மாதிரி.

எம்.ஆர்.ஐ. மூட்டின் உள்ளே முழுவதையும் காட்டும். அல்ட்ராசவுண்டு எட்டாத மூலைகளுக்கு அதுதான் கதி. ஆனால் 'பெரிய ஸ்கேன் எடுத்தாச்சு, ஒன்றுமில்லை' என்று அதையும் முடிந்த முடிவாகக் கொள்ளக் கூடாது. மரம் அதில் கறுப்பாகத் தெரியும். மூட்டுக்குள் தசைநார், சவ்வுத் தட்டு எல்லாமே கறுப்புதான். ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள முள், மூன்று மில்லிமீட்டர் கனமான துண்டுகளாக எடுக்கும் படத்தில் கரைந்துபோகலாம். சுற்றியுள்ள வீக்கம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். 'இங்கே ஏன் இவ்வளவு வீக்கம், இந்த நடுக் கறுப்பு என்ன' என்று கேட்கத் தெரிந்தவருக்கு அது சொல்லும். உள்ளே இரும்புத் துண்டு இருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. காந்தத்துக்கு முன் எக்ஸ்ரே அவசியம். எலும்பு முறிவு, கண்ணாடி, உலோகம் இவற்றைப் பார்க்கவும் எக்ஸ்ரேதான் முதல் படி. முதல் படியோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மூட்டுக்கு அருகே ஆழமாகக் குத்திய முள்ளை ஊக்கால் தோண்டக் கூடாது. முள்ளை முள்ளால் எடுப்பதெல்லாம் பழமொழிக்குச் சரி. மூட்டில் அது துண்டை இன்னும் உள்ளே தள்ளும், காற்றையும் ஏற்றும். மரச் சிலாம்பு குத்திய இடத்தை வெந்நீரில் ஊறவைப்பதும் நல்லதல்ல. மரம் ஊறி உதிர்ந்துவிடும். பிடுங்கிய முள்ளைத் தூர எறியாமல் காகிதத்தில் மடித்து வையுங்கள். நுனி ஒடிந்திருக்கிறதா என்பது அதைப் பார்த்தால் தெரியும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். குத்திய ஓரிரு நாளில் மூட்டு சிவந்து சூடேறி, காய்ச்சலும் வந்து, அசைக்கவே முடியவில்லை என்றால் அது சீழ் பிடித்த மூட்டு. ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருக்கும் சமாசாரம் அல்ல; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாரக்கணக்கில் வீங்கி வடியும் மூட்டானால் மருத்துவரிடம் 'இந்தத் தேதியில் இந்த இடத்தில் முள் குத்தியது' என்று கேட்காமலே சொல்லுங்கள். பரிசோதனைச் சீட்டிலும் அதை எழுதித் தரும்படி கேளுங்கள். 'முழங்கால் வலி' என்று மட்டும் எழுதிய சீட்டைப் பார்த்து யாரும் முள்ளைத் தேட மாட்டார்கள். அல்ட்ராசவுண்டு மையத்தில் நேரம் குறிக்கும்போதே மூட்டுகளைப் பார்ப்பதுண்டா, நேர்கோட்டு ப்ரோப் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. தலைநகரிலும் எல்லா மையங்களிலும் இதைச் செய்வதில்லை. போகும்போது பையனுக்கு அரைக்கால் சட்டை போட்டு அழைத்துப் போங்கள். மற்ற முழங்காலையும் காட்டச் சொல்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான்.